வளரும் ஊரும் இணையாத தெருவும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் உரையாற்ற வேண்டுமெனச் செயற்குழுவினர் நம்மைப் பணித்தபோது, கல்வியின் மேன்மையைப் பற்றியே பேசுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். ஆயின் நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் தெரு. பள்ளிக்கும் தெருவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியப்புறலாம். பள்ளி எவ்வளவு சிறந்ததாயினும், குழந்தை அதற்கு நடந்தே செல்ல வேண்டும். நடந்து செல்லும் வழி அடைபட்டால் பள்ளியின் கதவும் பாதி அடைபட்டதாகும். ஆகவே சிறு நகரம் ஒன்று வளரும்பொழுது அதன் தெருக்கள் எவ்வாறு இணைகின்றன, எவ்வாறு இணையாமற் போகின்றன, அதனால் நமக்கு வந்த கேடு யாது, நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் மதுரையைப் பாருங்கள். இன்று அது பெருநகரம். ஆனால் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 1,06,000 மட்டுமே. இன்றைய நம் மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றினும் சிறிய ஊர் அது. நாயக்கர் காலத்தில் உருப்பெற்ற அந்நகரின் நடுவே கோயில்; அதனைச் சுற்றிச் சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள் என்று ஒன்றினுள் ஒன்றாகச் சதுரங்கள். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டது. அங்கே வெளி வீதிகள் எழுந்தன. அப்பணியில் ஈடுபட்ட மாரட் என்பவரின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் அங்கே தெருப்பெயர்களாய் வாழ்கின்றன. இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மதில் வீழ்ந்தபோது, உள்ளே இருந்த தெருக்கள் வெளியே வந்த தெருக்களோடு கைகோத்தன. மாசி வீதியில் நிற்பவர் வெளி வீதிக்குச் செல்லப் பல வழிகள் உண்டு. ஒரு வழியில் தேர் நின்றால் மறுவழியில் செல்லலாம்.

இத்தகைய தெருப்பின்னலைத் தமிழர் அழகிய சொற்களால் அளந்து வைத்துள்ளனர். நான்கு தெருக்கள் கூடுமிடம் நாற்சந்தி. மூன்று கூடுமிடம் முச்சந்தி. மேலே வழியின்றி முட்டி நிற்பது முட்டுச்சந்து. இன்றைய நகர ஆய்வாளர்கள் பெருங்கணினிகளைக் கொண்டு செய்யும் கணக்கும் இம்மூன்று சொற்களுள் அடங்கும். ஒவ்வொரு சந்தியிலும் எத்தனை கிளைகள் பிரிகின்றன என்று எண்ணிச் சராசரி காண்பதே அக்கணக்கு.

இளைஞர்கள் இதனைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். பழைய ஊரின் ஒரு பகுதியில் பத்துச் சந்திகள் உள்ளன என்று கொள்வோம். ஆறு நாற்சந்திகள், நான்கு முச்சந்திகள். ஆறு நான்கு இருபத்து நான்கு, நான்கு மூன்று பன்னிரண்டு, ஆக முப்பத்தாறு. பத்தால் வகுத்தால் 3.6. இனிப் புதிய மனைப்பிரிவு ஒன்றில் ஐந்து முச்சந்திகளும் ஐந்து முட்டுச்சந்துகளும் உள்ளன என்று கொள்வோம். பதினைந்தும் ஐந்தும் இருபது. பத்தால் வகுத்தால் 2.0. முதற்பகுதியில் எவ்விடத்திலிருந்தும் எவ்விடத்திற்கும் பல வழிகள். இரண்டாவதில் ஒரே வழி. அதுவும் வந்த வழியே திரும்பும் வழி. இவ்வெண் குறையக் குறைய ஊர் இணைப்பின்றிச் சிதறிப் பரவுகிறது என்பது பொருள்.

இந்த அளவுகோலைக் கொண்டு கிறிஸ்டோபர் பேரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்னும் இருவர் அமெரிக்க நகரங்களின் ஒரு நூற்றாண்டுத் தெருக்களை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்நாட்டில் புதிய தெருக்களின் இணைப்பு ஆண்டுக்காண்டு குறைந்து, 1990களின் நடுவில் அடிமட்டத்தை அடைந்து, பின்னர் மெல்ல உயரத் தொடங்கியது என்று அவர்கள் கண்டனர். அதே அறிஞர்கள் 2020இல் உலகம் முழுவதையும் நோக்கியபோது வேறொரு காட்சி தென்பட்டது. உலகின் பெரும்பகுதியில் புதிதாய் எழும் தெருக்கள் மேன்மேலும் இணைப்பின்றியே அமைகின்றன. ஒரு நாடு தவறு செய்து திருந்தத் தொடங்கிய வேளையில், வளரும் நாடுகள் பல அத்தவற்றைப் புதிதாய்த் தொடங்குகின்றன.

இதில் அஞ்சத்தக்க உண்மை ஒன்றுண்டு. வீடு இடிந்தால் வேறு வீடு கட்டலாம். தெரு ஒருமுறை அமைந்துவிட்டால் எளிதில் மாறாது. 1666இல் இலண்டன் மாநகர் தீக்கிரையாயிற்று. புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென் புத்தம்புதிய தெருவமைப்பை வரைந்து கொடுத்தார். ஆயினும் நிலத்துக்கு உரியவர்கள் தத்தம் மனையிலேயே மீண்டும் கட்டினர். பெரும்பாலும் பழைய தெருக்களே மீண்டும் எழுந்தன. ஊரையே எரித்த தீயாலும் தெருவை மாற்ற இயலவில்லை. ஆகையால் இன்று நம் ஊரின் ஓரத்தில் எவனோ ஒருவன் கயிறு பிடித்துக் கல் நடும் கோடு, நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் நடக்கப்போகும் வழியை முடிவு செய்கிறது என்பதை மறவாதீர்கள்.

இனிச் சிறு நகரம் வளரும் முறையைக் காண்போம். முதலில் ஊரின் நடுவில் கடைவீதியும், அதனைச் சூழ்ந்த குறுகிய தெருக்களும் உள்ளன. பின்னர் பேருந்து செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கடைகளும் பட்டறைகளும் திருமண மண்டபங்களும் நீண்டு செல்கின்றன. சாலைக்குப் பின்னே வயல்கள் வயல்களாகவே கிடக்கின்றன. அடுத்து, புறவழிச்சாலை வரும் என்ற செய்தி பரவுகிறது. வயலின் விலை ஏறுகிறது. மழை பொய்த்தலும் விளைச்சலுக்கு விலையின்மையும் சேர்ந்து உழவனைத் தளர்த்த, அவன் நிலத்தை விற்கிறான். வாங்கியவர் அதனை மனைகளாகப் பிரிக்கிறார். வண்ணக்கொடிகள் நடப்படுகின்றன, நகர் என்றும் அவென்யூ என்றும் பெயர் சூட்டப்படுகிறது.

அந்த மனைப்பிரிவின் எல்லை எது? வாங்கிய சர்வே எண்ணின் எல்லையே. அதனுள்ளே தெருக்கள் நேராக இருக்கும். ஆனால் அடுத்த வயல் இன்னும் விற்கப்படவில்லை; எனவே தெரு அங்கே முட்டி நிற்கும். ஐந்தாண்டுகள் கழித்து அடுத்த வயலும் மனையாகும்போது, அதனை வாங்கியவர் வேறொருவர். தம் தெருவை முன்னவரின் தெருவோடு இணைத்தால் ஒரு மனை விற்பனைக்குக் குறையும் என்று கணக்கிடுகிறார். முன்னைய பிரிவில் குடியேறியவர்களும் அயலார் தம் தெருவழியே செல்வதை விரும்புவதில்லை. ஒவ்வொரு நகரும் நெடுஞ்சாலையை நோக்கி ஒரு வாய் மட்டும் திறந்து, ஏனைய மூன்று புறமும் மூடிக்கொள்கிறது. பத்து மனைப்பிரிவுகள் சேர்ந்தாலும் அது ஊராவதில்லை. பத்துப் பைகளை ஒரே ஆணியில் மாட்டியது போன்றது.

இதனைத் தடுக்கச் சட்டம் இல்லையா? உண்டு. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். எனினும் பல்லாண்டுகள் அங்கீகாரமின்றியே எண்ணற்ற மனைகள் விற்பனையாயின. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் செலுத்தி மனை முறையானதாகலாம். ஆனால் கட்டணம் முட்டுச்சந்தைத் திறந்து விடுவதில்லை. மதுரை மாநகராட்சியின் பரப்பு 2011இல் ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் முதலிய ஊர்கள் உள்ளே வந்தன. எல்லைக்கோட்டை ஓர் ஆணையால் நகர்த்தலாம். தனித்தனியே பிறந்த தெருக்களை ஓர் ஆணையால் இணைத்துவிட முடியாது.

இதுகாறும் கூறியது எல்லார்க்கும் பொதுவான செய்தி. இனி நமக்கே உரிய செய்திக்கு வருவோம்.

ஊரும் சேரியும் தனித்தனியே இருக்க வேண்டுமென்பது நம் நாட்டின் பழைய நகரமைப்பு. அதற்கு வரைபடம் தேவைப்படவில்லை, வழக்கமே வரைபடம். மதுரையின் வீதிகளைச் சற்றுமுன் புகழ்ந்தோம். அவ்வீதிகள் நன்கு இணைந்திருந்தன என்பது உண்மை. அவ்வீதிகள் சூழ்ந்த கோயிலுக்குள் நம் மக்கள் 1939 ஜூலை 8ஆம் நாள்தான் அடியெடுத்து வைத்தனர் என்பதும் உண்மை. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்த அச்சிறு குழுவில் பின்னாளில் அமைச்சரான கக்கன் இருந்தார். தெருக்கள் இணைந்துவிட்டால் மனிதர் இணைந்துவிடுவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தெருக்கள் இணையாதவரை மனிதர் இணைவதற்கு இடமே இல்லை.

தெருவில் நடக்கும் உரிமைக்காகவே நம் முன்னோர் போராடினர். 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்கு அன்று. கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடப்பதற்கே. அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, பொதுச் சாலையும் தெருவும் கிணறும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியவை என்று அரசு ஆணையிட்டது. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் உருவான அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, பொதுப்பணத்தில் பேணப்படும் கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பெயரால் எவரையும் அங்கே தடுக்கலாகாது என்று விதித்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வழக்கமாய்ச் சென்றுவரும் பொதுவழியை மறுப்பதைக் குற்றமாக்கியது.

இத்தனை உரிமைகளும் ஒன்றை முன்னரே ஏற்றுக்கொண்டு பேசுகின்றன: தெரு இருக்கிறது, அதில் நம்மை நடக்க விடவில்லை. இன்றைய சிக்கல் வேறு. நடக்காதே என்று இன்று எவரும் பலகை வைப்பதில்லை. தெருவே போடப்படுவதில்லை. போடப்பட்ட தெரு நம் குடியிருப்புக்குப் பத்தடி முன்னே நின்றுவிடுகிறது. அங்கே ஒரு சுவர் எழுகிறது. கேட்டால், அது மனையின் சுற்றுச்சுவர், சாதிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்கின்றனர்.

சுவர் என்ன செய்யும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊரைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6ஆம் நாள் மாவட்ட நிர்வாகத்தால் இடிக்கப்பட்டது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலை, பெருமழையில் சுமார் 20 அடி உயரமுள்ள ஒரு சுற்றுச்சுவர் நம் மக்களின் வீடுகள் மீது சாய்ந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுக்கு நம் கண்ணீர் அஞ்சலி.

இனி நம் ஊருக்கு வருவோம். இச்சங்கம் தொடங்கிய நாளில் நம் குடியிருப்பு வாய்க்காலுக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே இருந்தது. அரசு நமக்காக நிலம் எடுத்த இடம் அது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம் மக்களுக்கு வீட்டுமனைக்காக எடுக்கப்பட்ட நிலங்கள் பல இவ்வாறு ஊருக்கு வெளியே, ஒரே ஒரு சாலையின் முடிவில் அமைந்தவையே. எனினும் அந்நாளில் நம் பிள்ளைகள் அச்சாலையைப் பயன்படுத்தியதில்லை. வாய்க்காலின் மேல் கிடந்த பனந்தடியைக் கடந்து, வரப்பின் மேல் வரிசையாக நடந்து, உயர்நிலைப் பள்ளியின் பின்வாசலுக்குப் போய்ச் சேர்வர். மழைக்காலத்தில் சேறு, அறுவடைக் காலத்தில் நெற்கதிர் காலைக் கீறும். ஆயினும் வழி நேரானது. வயலுக்குரியவர் சிலவேளை அதட்டுவார், தடுத்ததில்லை. வரப்பு நடப்பதற்கே என்பது உழவர் அறிந்த நியாயம்.

பின்னர் அவ்வயல்கள் மூன்று மனைப்பிரிவுகளாயின. தார்ச்சாலையும் மின்விளக்கும் வந்தன. நகரம் நம்மை நோக்கி வருகிறது என்று நாமும் மகிழ்ந்தோம். இனிப் பிள்ளைகள் சேறு மிதிக்க வேண்டியதில்லை என்று கூட்டத்தில் பேசினோம். ஆனால் வரப்புகள் அழிந்த இடத்தில் சுற்றுச்சுவர்கள் எழுந்தன. மூன்று பிரிவுகளில் ஒன்றுகூட நம் பக்கம் வாசல் வைக்கவில்லை. பிள்ளைகள் நம் ஒற்றைச் சாலையில் நெடுஞ்சாலை வரை சென்று, லாரிகளுக்கு நடுவே நடந்து, மறுபடி பள்ளிச்சாலையில் திரும்ப வேண்டியதாயிற்று. நகரம் அருகே வந்தது. பள்ளி தொலைவே சென்றது. இவ்விரண்டும் ஒரே வேளையில் நிகழக் கூடும் என்பதை அதற்குமுன் நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இதனால் வந்த இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நேர்வழி 400 மீட்டர் என்று கொள்வோம். சுற்றுவழி 1,600 மீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கும் சிறுமிக்கு நேர்வழியில் 6 நிமிடம். சுற்றுவழியில் 24 நிமிடம். போக 18, வர 18, ஆக நாள்தோறும் 36 நிமிடம் வீண். 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள்களையும் 1,000 பாட மணிகளையும் வரையறுக்கிறது. 220 நாள்களில் அச்சிறுமி இழப்பது 132 மணி நேரம். அதாவது அரசு அவளுக்குக் கொடுக்கும் பாட நேரத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் மேற்பட்டதை ஒரு சுவர் எடுத்துக்கொள்கிறது. வழியில் நெடுஞ்சாலை இருப்பதால் தனியே அனுப்ப அஞ்சிப் படிப்பை நிறுத்திய பெற்றோரின் கணக்கு இதில் சேரவில்லை. அப்படி நின்றுபோன பெண் பிள்ளைகளின் வீடுகளை இச்சங்கத்தின் தொண்டர்கள் அறிவர்.

பள்ளி மட்டுமன்று. முட்டுச்சந்தின் முடிவில் இருப்போர்க்குக் குடிநீர்க் குழாயும் முட்டுக்குழாயே. வளையமாக இணைந்த குழாயில் நீர் இருபுறமிருந்தும் வரும். ஒருபுறம் உடைந்தாலும் மறுபுறம் வரும். முட்டுக்குழாயின் வால்பகுதியில் அழுத்தம் குறைந்து, நீர் தேங்கி, கசடு படியும். பேருந்து திரும்ப இடமின்றி உள்ளே வராது. தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் ஒரே வழி. அவ்வழியில் ஒரு வண்டி பழுதுபட்டு நின்றால் அதுவும் இல்லை. கடை வைப்பவன் பலர் கடந்து செல்லும் முச்சந்தியைத் தேடுவானேயன்றி முட்டுச்சந்தைத் தேடமாட்டான். ஆகவே நம் இளைஞன் தன் வீட்டுத் திண்ணையில் தொடங்கும் சிறு தொழிலுக்கும் வாடிக்கையாளர் வாரார்.

இங்கே ஒரு மறுப்புக்கு விடை கூற வேண்டும். தெருக்களை எல்லாம் திறந்துவிட்டால் வண்டிகள் விரைந்து புகுந்து குழந்தைகளுக்கு ஊறு விளையாதா, கள்வர் பயம் மிகாதா என்று மனைப்பிரிவில் வாழ்வோர் கேட்கின்றனர். அதனை முழுதும் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. நம் பக்கத்திலும் ஓர் அச்சமுண்டு. சாலை இணைப்பு என்ற பெயரில் சாலை அகலப்படுத்தப்பட்டால் முதலில் இடிபடுவது நம் வீடுகளே. சென்னையில் நீர்நிலைக்கும் சாலைக்கும் ஓரத்தில் வாழ்ந்த ஏழை மக்களை 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் கொண்டு சென்றதையும், வேலைக்கும் பள்ளிக்கும் அவர்கள் பட்ட அலைச்சலையும் நாம் கண்டோம்.

ஆனால் இணைப்பு என்பது அகலம் அன்று. அமெரிக்காவில் 1929இல் ராட்பர்ன் என்னும் குடியிருப்பை அமைத்தவர்கள், மோட்டார் வண்டிக்கு முட்டுச்சந்தாக இருந்த தெருவின் முடிவில் நடப்போர்க்கு வழி விட்டனர். குழந்தைகள் வண்டியைச் சந்திக்காமலே பள்ளிக்குச் செல்லலாம். பின்னர் அதனைப் பார்த்துக் கட்டியவர்கள் பலர் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு, நடைவழியை விட்டுவிட்டனர். நெதர்லாந்தின் ஹௌட்டன் என்னும் சிற்றூர் 1970களிலிருந்து திட்டமிட்டு வளர்ந்து, இன்று சுமார் 50,000 மக்கள் வாழும் சிறு நகரமாயிற்று. அங்கே ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குக் காரில் செல்வோர் ஊரைச் சுற்றிய வட்டச்சாலைக்குச் சென்றுதான் வரவேண்டும். மிதிவண்டியிலும் நடந்தும் செல்வோர்க்கோ நேர்வழிகள் உண்டு. சுற்றுவழி செல்வந்தனின் காருக்கு. நேர்வழி குழந்தையின் காலுக்கு. நம் ஊரில் இது தலைகீழாக இருக்கிறது. நாம் கேட்பது நாற்பதடிச் சாலை அன்று. இரு மிதிவண்டிகள் எதிரெதிரே கடக்கும் அளவுக்கு, விளக்குடன் கூடிய, அடைக்கப்படாத ஒரு வழி.

இனி நம் கடமைகள். இளைஞர்களே, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வழியைத் தாளில் காணுதல். ஒவ்வொரு கிராமத்துக்கும் வரைபடம் உண்டு. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் உண்டு. அ-பதிவேட்டில் நிலத்தின் வகை எழுதப்பட்டுள்ளது. நாம் நடந்த வழி வண்டிப்பாதை என்றோ நடைபாதைப் புறம்போக்கு என்றோ அங்கே பதிவாகியிருந்தால், அதன்மேல் எவரும் சுவர் கட்ட இயலாது. கட்டியிருந்தால் அது ஆக்கிரமிப்பு. இப்படிகளை விண்ணப்பித்துப் பெறலாம். மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது, பதிவாகாத வழியைக் காத்தல். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின்படி, பிறருடைய நிலத்தின் வழியே வெளிப்படையாகவும் அமைதியாகவும் உரிமையோடும் இடையீடின்றியும் இருபது ஆண்டுகள் நடந்து வந்தவர்க்கு அவ்வழியின்மேல் உரிமை உண்டாகும். ஆனால் அவ்விருபது ஆண்டு வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருத்தல் வேண்டும். சுவர் எழுந்த அன்றே எழுந்திராமல், பேசிப் பார்ப்போம் என்று காலம் தாழ்த்தினால் உரிமை கைநழுவும். இதனை நாம் பட்டறிந்தே சொல்கிறோம். மூன்று பிரிவுகளுள் முதலாவதன் சுவர் எழுந்தபோது நாம் மனு மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்த வழி போயிற்று. இரண்டாவதும் அவ்வாறே போயிற்று. மூன்றாவதன்போது விழித்துக்கொண்டோம். புலப்படத்தில் வாய்க்கால் ஓரத்து நடைபாதை பதிவாகியிருந்ததைச் சங்கத்தின் மாணவர் ஒருவரே கண்டுபிடித்தார். வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் பன்முறை நடந்து, அளந்து கல் நடச் செய்து, ஒரு வழியைத் திறந்தோம். இன்று காலையில் நீங்கள் பலர் வந்த வழி அதுவே. மூன்றில் ஒன்று. அதனைப் பெருவெற்றி என்று கூறமாட்டோம். ஆனால் மற்ற இரண்டை இழந்ததற்குக் காரணம் நம் அறியாமையே என்பதையும் மறைக்கமாட்டோம்.

மூன்றாவது, திட்டம் வரையப்படும்போதே அங்கே இருத்தல். நகருக்கு முழுமைத் திட்டம் வகுக்கும்போது, மக்களின் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்டு அறிவிக்கை வெளியிட வேண்டுமென்பது சட்டம். அவ்வறிவிக்கைகளைப் படிப்பவர் நம்மில் எத்தனை பேர்? புதிய மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கேட்கப்படும்போதே, அதன் தெரு நம் எல்லை வரை நீண்டு நம் தெருவோடு சேர வேண்டுமென்று கேட்டால், அது ஒரு கோடு வரையும் செலவே. சுவர் எழுந்தபின் கேட்டால் அது பல்லாண்டுப் போராட்டம். நம் நகர்மன்ற உறுப்பினர்களும் இதனைத் தம் முதற்கடமையாகக் கொள்ள வேண்டும்.

நான்காவது, சங்கத்தின் பணி. வரும் விடுமுறையில் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவ மாணவியர் குழுவாகச் சென்று நம் ஊரின் நாற்சந்திகளையும் முச்சந்திகளையும் முட்டுச்சந்துகளையும் எண்ணி ஒரு வரைபடம் ஆக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பள்ளி, ரேஷன் கடை, மருத்துவமனை ஆகியவற்றுக்கு நேர்தூரம் எவ்வளவு, நடைதூரம் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். கல்வியுரிமைக்கான 2010ஆம் ஆண்டு மத்திய விதிகள் தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கூறும்போது நடைதூரத்தையே சொல்கின்றன என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அவ்வரைபடத்தைக் கையில் ஏந்திச் சென்றால், அதிகாரிகள் நம்மை மனுதாரராக மட்டும் காணமாட்டார், பொருளறிந்தோராகவும் காண்பர்.

இறுதியாக ஒரு சொல். நம்முள் சிலர் படித்து, பதவி பெற்று, நகரின் புதிய மனைப்பிரிவுகளில் வீடு கட்டிக் குடியேறியுள்ளனர். அது நமக்குப் பெருமையே. ஆனால் உங்கள் நகரின் கூட்டத்தில், பின்புறத்து வழியை அடைத்துவிடலாம் என்று ஒருவர் முன்மொழியும் நாள் வரும். அப்பின்புறத்தில் வாழ்வோர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்ல உங்களில் ஒருவர் இருப்பாரானால், இருபத்தைந்து ஆண்டுகள் இச்சங்கம் விளக்கேற்றிப் பாடம் நடத்தியது வீண்போகவில்லை என்று கொள்வோம்.

நம் பிள்ளைகள் பனந்தடிமேல் நடந்து படித்தனர். அவர்தம் பிள்ளைகள் விளக்குள்ள நேர்வழியில் நடந்து படிக்கட்டும். அதற்கான பணியை இவ்விழா முடிந்த மறுநாளே தொடங்குவோம்.